தின்னக்கூடாத மாவு

சென்ற தீபாவளி விடுமுறையில் வீட்டில் பிஸ்கட் செய்தோம். என் மகளுக்கு ஒன்பது வயது. அவளும் எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். எங்களிடம் அடுப்பாக இருந்தது ஒரு பழைய குக்கர்தான். அடியில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, விசிலையும் ரப்பர் வளையத்தையும் எடுத்துவிட்டு மூடிச் சூடேற்றினால் அதுவே ஓர் அடுமனை. கம்பு மாவு ஒரு பங்கு, மைதா ஒரு பங்கு, தட்டிப் பொடித்த கருப்பட்டி, வெண்ணெய். இவ்வளவுதான் சரக்கு.

மாவு பிசைவதற்கு முன் மகள் ஒரு வேலை சொன்னாள். பள்ளிக்கு ஏதோ ஒட்டுப்படம் செய்ய வேண்டுமாம், பசை தீர்ந்துவிட்டதாம். ஒரு கைப்பிடி மைதாவை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றிக் கிளறினேன். கட்டி விழாமல், கண்ணாடிபோலத் துலங்கியதும் இறக்கினேன். அவள் வியப்போடு பார்த்தாள். “பிஸ்கட்டுக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்யுறீங்க. இதுக்கு மட்டும் பார்க்காமலே எப்படித் தெரியுதுப்பா?” என்றாள்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. என் கை மைதாவை உணவாக அறிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பசையாக அறிந்திருக்கிறது. எங்கள் பகுதியில் என் வயதை ஒத்தவர்கள் பலருக்கும் அப்படித்தான். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையிலுள்ள கிராமங்களில் 1980களில் வளர்ந்த பிள்ளைகளின் வீட்டில் மைதா இருந்தது. ஆனால் அது தின்பதற்கானதன்று.

வீட்டில் குழந்தைகளோடு சேர்ந்து தின்பண்டம் செய்வதைப் பற்றி இன்று நிறைய எழுதப்படுகிறது. கடையில் வாங்காமல் மசாலாப் பொடியும் வற்றலும் வடகமும் நாமே செய்வோம், பிள்ளைகளின் கைகளுக்கு வேலை கொடுப்போம் என்று சொல்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பிள்ளைகளின் கைகளுக்கு வீட்டிலேயே வேலை கொடுத்த நீண்ட வரலாறு ஒன்று விருதுநகர் மாவட்டத்துக்கு உண்டு. அந்த வரலாற்றை மாவின் வழியாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

*

மாவைச் சுட்டுத் தின்பது தமிழருக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையும் மதுரைக்காஞ்சியும் கூவியர் என்னும் அப்ப வணிகரைக் காட்டுகின்றன. மதுரைத் தெருவில் தேனடையைப் போன்ற மெல்லிய அடைகளை விற்றுவிட்டு, இரவில் பண்டங்களின் அருகிலேயே அயர்ந்து உறங்கும் கூவியரை மாங்குடி மருதனார் பாடியிருக்கிறார். சமையலுக்கென்றே ஒரு நூல் இருந்ததைச் சிறுபாணாற்றுப்படை குறிப்பால் உணர்த்துகிறது. வீமன் செய்ததாக நம்பப்பட்ட மடைநூல் அது என்பர் உரைகாரர்.

கரிசல் காட்டு வீட்டுக்கு அந்த நகரத்துச் செழிப்பு இல்லை. அது வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் கேழ்வரகும் குதிரைவாலியும் விளையும். நெல்லுச்சோறு பண்டிகைக்கு மட்டும். வீட்டின் மூலையில் மண்ணால் வனைந்த குலுக்கை நிற்கும். அதில் எவ்வளவு தானியம் கிடக்கிறதோ அவ்வளவுதான் அந்த ஆண்டின் ஆயுள். திருகையில் திரித்த மாவு, உரலில் இடித்த மாவு, களி, கூழ், கொழுக்கட்டை என்று வாழ்க்கை நடந்தது. கரிசல் மண்ணின் இந்த அடுப்படிச் சொற்களையெல்லாம் கி. ராஜநாராயணன் தம் கதைகளிலும் வட்டார வழக்குச் சொல்லகராதியிலும் சேர்த்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் தொகுக்காமல் விட்டிருந்தால் குலுக்கை என்றால் என்னவென்று என் மாணவர்களுக்குச் சொல்லிக் காட்ட ஒரு சான்றுகூட என்னிடம் இருந்திருக்காது.

கோடையில் அந்த வீடுகளில் வற்றல் காலம் தொடங்கும். கொத்தவரையை அவித்து உலர்த்துவார்கள். சுண்டைக்காயையும் மிளகாயையும் மோரில் ஊறவைத்து வெயிலில் காயப்போடுவார்கள். கூழ் காய்ச்சி ஓலைப்பாயில் கரண்டி கரண்டியாக ஊற்றி வடகம் ஆக்குவார்கள். பிள்ளைகளின் பங்கு காக்கை விரட்டுவது. பாதி காய்ந்த வடகத்தைப் பாயிலிருந்து உரிப்பது. உரிக்கும்போதே ஒன்றிரண்டை வாயில் போட்டுக்கொள்வது. என் அம்மாச்சி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பாள். “காக்கா தின்னதுல சேத்துக்க” என்பாள். பாயில் எத்தனை ஊற்றினோம், எத்தனை உரித்தோம் என்று யாரும் எண்ணியதில்லை.

இதை ஒரு பொற்காலமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. திருகை சுற்றிய பெண்ணின் தோள்வலியை எந்தச் சொல்லகராதியும் பதிவு செய்ததில்லை. குலுக்கை காலியான ஆண்டுகளில் காட்டுக்கீரையும் கிழங்கும் பிடுங்கித் தின்ற கதைகளும் அந்த மண்ணுக்கு உரியவையே. பெண்பிள்ளை பள்ளிக்குப் போகாமல் வடகத்துக்குக் காவல் இருந்தாள் என்பதும் உண்மை. ஆயினும் அந்த மாவில் அவளுக்கு ஒரு வாய் இருந்தது.

*

விருதுநகரின் கதை இதற்கு அடுத்தபடியாக வருவது. விருதுபட்டி என்ற பெயர் 1923இல் விருதுநகர் என்று மாறியது. எதையும் விளைவிக்காமல் எல்லாவற்றுக்கும் விலை வைக்கும் ஊர் என்று அதைச் சொல்வதுண்டு. பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி, எண்ணெய் என்று தமிழ்நாட்டு அடுப்படியின் அஞ்சறைப்பெட்டிக்கு வேண்டியதெல்லாம் அந்த ஊரின் கமிஷன் கடைகள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. நாளிதழ்களில் விருதுநகர் சந்தை நிலவரம் என்று ஒரு பத்தி வரும். நல்லெண்ணெய்க்குப் பெயர்பெற்ற இதயம் போன்ற நிறுவனங்கள் அந்த ஊரிலிருந்து கிளம்பியவை. சுற்றுவட்டாரமும் அப்படியே. சாத்தூர் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சற்றுத் தெற்கே கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்று வழியெல்லாம் தின்பண்டப் பெயர்கள். பால்கோவாவுக்கு 2019இலும் கடலைமிட்டாய்க்கு 2020இலும் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் இந்த ஊரின் பண்டக வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: பிடியரிசி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே நாடார் உறவின்முறையினர் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். அதற்கு வணிகர்கள் தந்த மகமை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வீட்டில் உலை வைக்கும் பெண் நாள்தோறும் ஒரு பிடி அரிசியைத் தனியே ஒதுக்கி வைப்பாள். அது பள்ளிக்குப் போகும். கோயிலில் நுழையவும் தெருவில் நடக்கவும் தடை கண்ட ஒரு சமூகம், தன் பிள்ளைகளின் படிப்புக்கான முதலை அரிசிப் பானையிலிருந்து எடுத்தது. 1903இல் பிறந்த காமராஜர் சில ஆண்டுகள் படித்தது அந்தப் பள்ளியில்தான்.

அந்தப் பள்ளியில் படிப்பைத் தொடர முடியாமல் போன சிறுவன் பின்னாளில் முதலமைச்சராகி 1956இல் பள்ளி மதிய உணவைக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் அதற்கும் ஊர் மக்களின் கொடையே பெரிய ஆதாரம். 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வழியாகப் பால்பவுடரும் தானியமும் எண்ணெயும் வந்து சேர்ந்தன. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பிடியரிசியிலிருந்து காலை உப்புமா வரை ஒரே கோடு போகிறது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பிள்ளையைப் பள்ளிக்கு அழைப்பது சோறு. அதை இந்த மாவட்டம் முன்கூட்டியே கண்டுகொண்டது.

அதே மாவட்டத்தில், அதே காலத்தில், பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியே அழைத்த இன்னொன்றும் வளர்ந்துகொண்டிருந்தது.

*

1922இல் இந்திய அரசு இறக்குமதித் தீப்பெட்டியின் மீதான சுங்கவரியை உயர்த்தியது. அதுவரை ஜப்பானும் சுவீடனும் நம் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தன. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீக்குச்சித் தொழிலைக் கற்றுவந்து 1923இல் ஊரில் தொடங்கினார்கள். முதலில் இயந்திரங்களைக் கொண்டு முயன்றார்கள். பிறகு கையால் செய்வதே கட்டுபடியாகும் என்று கண்டார்கள். மழை பொய்த்துப் பொய்த்துப் பழகிய பூமி. வேலைக்கு ஏங்கிய கைகள். வறண்ட காற்று, குச்சியும் பெட்டியும் காய ஏற்ற வெயில். விவசாயத்துக்குச் சாபமாக இருந்தவையெல்லாம் தீப்பெட்டிக்கு வரமாயின. பட்டாசும் அச்சுத்தொழிலும் அதன் பின்னால் வந்தன. நேரு சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று பாராட்டியதாகச் சொல்வார்கள்.

அந்த உழைப்பையும் துணிவையும் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போயிருக்கக்கூடிய பல குடும்பங்களை அந்தத் தொழில் ஊரிலேயே நிறுத்தி வைத்தது. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று.

தொழிற்சாலையை எங்கள் பக்கம் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றுதான் சொல்வார்கள். ஆபீசில் நடக்கும் வேலைகள் சில. வீட்டுக்கு வரும் வேலைகள் சில. குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவதும் மருந்தில் முக்குவதும் பெட்டியில் அடைப்பதும் ஆபீசில். பெட்டி ஒட்டுவது வீட்டில். அடிப்பெட்டி, மேல்பெட்டி இரண்டுக்குமான மெல்லிய மரச்சீவலும் நீலத்தாளும் ஏஜெண்ட் வழியாக வந்து இறங்கும். கூடவே மைதா மாவும் வரும். அந்த மாவுக்கான காசு கூலியில் கழிக்கப்படும். கணக்கு குரோஸில்: 144 பெட்டி ஒரு குரோஸ். சீவலை மடித்து, தாளில் பசை தடவி, சுற்றி, விளிம்பை உள்ளே மடக்கி வெயிலில் வைக்க வேண்டும். ஒரு பெட்டிக்குச் சில விநாடிகள்தான். ஒரு குரோஸ் முடிக்கச் சிறு கைகள் இருந்தால் நல்லது. சிறு விரல்தான் மூலைக்குள் போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். குழந்தையின் விரல் சிறியதாக இருப்பதே ஒரு தகுதியாக ஆகிவிட்டிருந்தது.

மைதா எங்கள் மண்ணின் மாவன்று. கோதுமை கரிசலில் விளைவதில்லை. போர்க்காலப் பங்கீட்டிலும், 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கக் கப்பல்களிலுமாக அது தென்னாட்டு வீடுகளுக்கு மெல்ல அறிமுகமானது. விருதுநகரில் அது எண்ணெய்ப் பரோட்டாவாகிப் புகழ்பெற்றது. நகரத்துத் தேநீர்க்கடைகளில் பன்னும் ரொட்டியும் ஆனது. தீப்பெட்டிக் கிராமங்களிலோ பசை ஆனது.

அம்மா விடியுமுன் எழுந்து பசை காய்ச்சுவாள். முறை அப்படியே கம்பங்கூழ் காய்ச்சும் முறைதான். பச்சைத் தண்ணீரில் கரை, கொதிநீரில் ஊற்று, கட்டி விழாமல் கிண்டு. மணமும் ஏறக்குறைய உணவின் மணம். கடைசியில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவாள். வெள்ளைப் பசை இலேசான நீலமாகும். பூச்சி பிடிக்காமலும் எலி கரும்பாமலும் இருக்க அது என்பார்கள். “பிள்ளைக திங்காம இருக்கவுந்தான்” என்று அம்மாச்சி சொல்வாள். அதை அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பசித்த வயிற்றோடு சூடான மாவுக்கூழின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

*

பெட்டி ஒட்டுவது இலேசான வேலை. ஆபீசுக்குப் போன பிள்ளைகளின் நிலை வேறு. விடியற்காலை இருட்டில் கம்பெனிப் பேருந்து ஊர் ஊராக வந்து ஹாரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தாய்மார் தூக்குவாளியோடு ஏற்றிவிடுவார்கள். இரவு திரும்பும்போது மறுபடி தூக்கம். ஸ்மிது கோத்தாரி 1983இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் எழுதிய கட்டுரை இந்த நிலையை நாடறியச் செய்தவற்றுள் ஒன்று. சிவகாசி வட்டாரத்தில் ஏறத்தாழ 45,000 குழந்தைத் தொழிலாளர் இருப்பதாக 1980களின் மதிப்பீடுகள் கூறின. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அந்தப் பாராட்டுப் பெயரையே கேள்வியாக்கியது. இந்த மண்ணின் நாவலாசிரியர் பூமணி, ‘கருவேலம்பூக்கள்’ என்ற திரைப்படத்தை இதே தீப்பெட்டிப் பிள்ளைகளைப் பற்றித்தான் இயக்கினார்.

சட்டமும் வந்தது. அதை நான் பிற்காலத்தில்தான் படித்தேன். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசுத் தயாரிப்பில் 14 வயது நிரம்பாத பிள்ளைகளை அமர்த்தக் கூடாது என்றது. ஆனால் ஒரு விலக்கும் தந்தது: குடும்பத்தாரின் உதவியோடு ஒருவர் நடத்தும் பட்டறைக்கு இந்தத் தடை பொருந்தாது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு, தயாரிப்பில் பிள்ளைகள் கூடாது, தள்ளியிருக்கும் இடத்தில் அடைக்கும் வேலை செய்யலாம் என்றது. அவர்களுக்குப் பெரியவர் கூலியில் 60 விழுக்காடாவது தர வேண்டும் என்றது. 1996 டிசம்பரில் வந்த இரண்டாம் தீர்ப்பு கடுமையானது. சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அது கூறியது. 2016இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. 14 வயதுக்குட்பட்டவரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. ஆனால் அபாயமில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் உதவலாம்.

மூன்று பத்தாண்டுகளாகச் சட்டம் வீட்டு வாசலில் வந்து நின்று நின்று யோசித்திருக்கிறது. அதைக் குறைசொல்வது எளிது. ஆனால் சட்டத்தின் தயக்கத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. தாயோடு உட்கார்ந்து வடகம் பிழியும் பிள்ளையைக் குழந்தைத் தொழிலாளி என்று எந்த நீதிபதி சொல்வார்? அதே பிள்ளை, அதே தாயோடு, அதே திண்ணையில், அதே மாவைக் கொண்டு பெட்டி ஒட்டினால் மட்டும் அது என்ன? வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

உள்ளே இருந்தவனாக நான் மூன்று வேறுபாடுகளைச் சொல்ல முடியும். வடகத்தை யாரும் எண்ணுவதில்லை, பெட்டியை எண்ணுவார்கள். வடகம் போதும் என்று அம்மாச்சி சொன்னால் போதும்; பெட்டி எப்போது போதும் என்பதை ஏஜெண்ட் சொல்வார், அவருக்கு ஆபீஸ் சொல்லும், ஆபீசுக்குத் தில்லி வரை நீளும் சந்தை சொல்லும். மூன்றாவது, வடகம் பிழிந்த பிள்ளை அதைத் தின்னும். பெட்டி ஒட்டிய பிள்ளைக்கு அந்த மாவு நஞ்சு.

*

இதுவரை எழுதியதை நான் கல்லூரிக் கருத்தரங்குகளிலும் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

என் அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவளுக்குப் படிப்பு நன்றாக வரும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது அவள் மடியில். எட்டாம் வகுப்பு முடிந்ததும் அவள் நின்றாள். யாரும் நிறுத்தவில்லை என்பார் அப்பா. உண்மைதான், ஒருநாள் கூடுதலாகச் சரக்கு வந்தது. மறுநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். அதற்கு அடுத்த வாரம் தேர்வுக் கட்டணம். ஒவ்வொரு நாளாக அவள் பள்ளியிலிருந்து கழன்றாள். நாளொன்றுக்கு நான்கு குரோஸ் ஒட்டினாள் என்று பின்னர் அவளே ஒருமுறை சொன்னாள். நான் பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் உதவுவேன். எனக்கு வீட்டுப்பாடம் இருந்தது, அவளுக்கு இல்லை. “தம்பி போய்ப் படிக்கட்டும்மா” என்று அனுப்பிவைப்பாள்.

நான் முதுகலைத் தமிழ் படித்தது அந்தப் பெட்டிகளால்தான். சங்க இலக்கியத்தில் கூவியரை நான் கண்டுபிடித்த ஆண்டில் அவளுக்கு இரண்டு குழந்தைகள். விருதுநகர்ப் பெண்கள் பள்ளிக்காகப் பிடியரிசி ஒதுக்கினார்கள் என்று மேடையில் உருகிச் சொல்லும்போதெல்லாம் என் நாக்கில் ஒரு நீலக் கசப்பு வரும். என் படிப்புக்கு ஒதுக்கப்பட்டது ஒரு பிடி அரிசியா என்ன?

ஆகவே குழந்தை உழைப்பு தீது என்று எழுதும்போது என் பேனா சற்று நிற்கிறது. அந்தக் கூலி வராமலிருந்தால் நாங்கள் இருவருமே படித்திருக்க மாட்டோம் என்பது ஒரு வாதம். தொழிற்சாலை முதலாளிகள் அன்று சொன்ன வாதமும் இதுதான். அதை நான் ஏற்கவில்லை. பெரியவர்களுக்கு நியாயமான கூலி கிடைத்திருந்தால் பிள்ளையின் விரல் தேவைப்பட்டிருக்காது. பிள்ளைகளின் கை மலிவாகக் கிடைத்ததாலேயே பெரியவர்களின் கூலியும் மலிவாக இருந்தது. இதைப் புள்ளிவிவரத்தோடு வகுப்பில் நிறுவ முடியும். அக்காவின் முன்னால் உட்கார்ந்து நிறுவ முடியாது. “நீ படிச்சதுனாலதான இப்படிப் பேசுற” என்று அவள் சொல்லிவிடுவாள். சொன்னதில்லை, சொல்லக்கூடும்.

இன்று நிலைமை பெருமளவு மாறிவிட்டது. அட்டைப்பெட்டிகளும் இயந்திரங்களும் வந்தபின் வீட்டில் பெட்டி ஒட்டும் வேலை அருகிவிட்டது. பள்ளிகளும் பள்ளிச் சோறும் கண்காணிப்பும் தம் பங்கைச் செய்திருக்கின்றன. என் வகுப்பில் இருக்கும் மாணவிகள் பலர் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பலர் தம் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். பட்டாசு ஆலை விபத்துச் செய்திகள் மட்டும் நிற்கவில்லை. விபத்து நடந்த மறுநாள் வகுப்பில் யார் வரவில்லை என்று முதலில் பார்ப்பது எங்கள் பகுதி ஆசிரியர்களின் பழக்கம்.

*

பிஸ்கட் செய்த அன்று அக்கா தீபாவளிக்காக வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு முறுக்கும் அதிரசமும் கைவந்தவை, பிஸ்கட் சுட்டதில்லை. பிள்ளைகள் உருண்டை பிடிக்கத் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அருகில் உட்கார்ந்தாள். கம்பு மாவு உதிரும். மைதாவின் பிடிப்பில்தான் அது கூடும். அளவாகக் கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் அமுக்கி, விளிம்பு வெடிக்காமல் சுற்றிவந்தாள். அந்த விரல்களின் வேகத்தை எனக்குத் தெரியும். பிள்ளைகள் ஒன்று செய்வதற்குள் அவள் ஆறு செய்தாள்.

“அத்தை, மெதுவா! எங்களுக்கும் மாவு வேணும்ல” என்று கத்தினாள் என் மகள்.

அக்காவின் கை நின்றது. தட்டையைப் பார்த்தாள். ஒரே அளவில், ஒரே இடைவெளியில், பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று வரிசை. கால் குரோஸ். அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, மீதி மாவைப் பிள்ளைகளின் பக்கம் தள்ளினாள். அவர்கள் மயிலும் மீனும் பாதிநிலாவுமாகக் கோணல்மாணலாகச் செய்துகொண்டிருந்தார்கள். நடுநடுவே பச்சை மாவைக் கிள்ளித் தின்றார்கள். வயிற்றைக் கெடுக்கும் என்று நான் அதட்டப் போனேன்.

“விடு தம்பி. திங்கட்டும்” என்றாள் அக்கா.

குக்கரில் நான்கு ஈடு சுட்டோம். முதல் ஈடு அடி கருகியது. கடைசி ஈடு நன்றாக வந்தது. கருப்பட்டி மணம் தெருமுனை வரை போயிருக்கும். ஆறவைத்த தட்டிலிருந்து டப்பாவில் அடுக்கும்போது அக்கா பழக்கத்தில் எண்ணத் தொடங்கினாள். அறுபதுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. நாற்பத்தேழுதான் இருந்தன. மீண்டும் எண்ணினாள். பிள்ளைகள் மூவரும் வாயைத் துடைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள்.

அந்தக் காலத்தில் குரோஸுக்கு ஒரு பெட்டி குறைந்தாலும் ஏஜெண்ட் கூலியில் பிடிப்பார். அதற்காகவே அக்கா ஒவ்வொரு குரோஸிலும் இரண்டு பெட்டி கூடுதலாகப் போடுவாள்.

“காக்கா தின்னதுல சேத்துக்க” என்றேன்.

அவள் டப்பாவை மூடாமலே வைத்துவிட்டு, மயில்போல இருந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.